பறவைக்குக் குரைக்காத நாய்

ஜனவரி 6, திங்கள்

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. பந்தலைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் வேலை பார்க்கும் பால் சொசைட்டியில் புது வருஷத்துக்குக் கொடுத்த டைரி அலமாரியில் சும்மா கிடந்தது, எடுத்து எழுதுகிறேன். வலது மணிக்கட்டு இன்னும் சரியாக மடங்கவில்லை. போன மாதம் கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன். அதனால் எழுத்து கோணலாக வருகிறது.

துட்டி, துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் என் அண்ணன் சங்கரபாண்டி ஒரே கதையைத்தான் சொன்னான். "நானும் மச்சானும் ஓடைக்கரைக்கு வேட்டைக்குப் போனோம். நாய் கௌதாரிக்கு நின்னுச்சு. உடைமுள்ளுப் புதர் அசைஞ்சது. சுட்டுட்டேன். அந்தப் பக்கம் மச்சான் இருந்ததைப் பார்க்கலையே, நான் பாவி." சொல்லிவிட்டுத் துண்டை வாயில் திணித்துக்கொண்டு அழுவான். கேட்பவர்களும் அழுவார்கள்.

என் புருஷன் வெள்ளத்துரையைச் சுட்டவன் என் கூடப்பிறந்தவன். ஊரில் இதை விதி என்கிறார்கள். ஸ்டேஷனில் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறார்கள். கௌதாரி சுடப் போனதற்குத் தனியாக வனத்துறை கேஸ். நாலு நாளில் ஜாமீனில் வந்துவிட்டான். வந்ததும் என் மகள் தர்ஷினியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கடலை மிட்டாய் கொடுத்தான், அந்தக் கையாலேயே. பிடுங்கி எறியாமல் பார்த்துக்கொண்டு நின்ற என்னை எனக்கே பிடிக்கவில்லை.

கவனக்குறைவு என்றாலும் நான் விடப்போவதில்லை. என்ன செய்வேன் என்று தெரியாது. ஆனால் அவன் நிம்மதியாக ஒரு வாய் சோறு தின்னக் கூடாது.

ஜனவரி 8, புதன்

செவலை சாப்பிடவில்லை. அவர் வளர்த்த நாய். தாய் கன்னி என்கிற வேட்டை ஜாதி. தகப்பன் மலை எஸ்டேட்டில் யாரோ வைத்திருந்த வெளிநாட்டு மோப்ப நாய். அதனால் கால் ஓட்டமும் உண்டு, மூக்கும் உண்டு. வாசலில் படுத்துக்கொண்டு அவர் வண்டி நின்ற இடத்தையே பார்க்கிறது.

அத்தை நாயை விரட்டச் சொல்கிறாள். "எம் மவனைக் கூட்டிட்டுப் போயி காவு குடுத்த சனியன்" என்று அதன் மேல் வாளித் தண்ணீரை ஊற்றினாள். பிறகு என்னைப் பார்த்து, "உங்க அண்ணன் மேல ஊத்த வேண்டியது. அவன் வெள்ளையும் சொள்ளையுமா நடமாடுதான்" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை.

சாயந்தரம் அண்ணன் வந்தான். வாசலுக்குள் ஏறவில்லை.

"ஆவுடை, செவலையை நான் கொண்டு போறேன் தாயி. உனக்கு எதுக்கு இந்தத் தொந்தரவு?"

"இருக்கட்டும்."

"அதுக்குத் தினம் ஓட்டம் வேணும். உன்னால முடியாது."

"முடியும்ணே."

இரண்டு மூன்று தடவை கேட்டான். ஒரு நாய்க்காக இவ்வளவு கெஞ்சுவானா என்று இருந்தது.

ஜனவரி 11, சனி

காலைப் பாலை அளந்து கேனை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, செவலையைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு கரட்டுப் பக்கம் போனேன். முதல் தடவையாக வாலை ஆட்டியது.

காற்று எதிரே வந்தது. காய்ந்த சோளத் தட்டைக்குப் பக்கத்தில் போகும்போது செவலை நடந்த காலை அப்படியே அந்தரத்தில் நிறுத்தியது. வலது முன்னங்கால் மடங்கி நெஞ்சோடு ஒட்டியிருந்தது. வால் நேராகக் குச்சி மாதிரி நின்றது. மூச்சுகூட விடவில்லை போலிருந்தது. நானும் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து இருபதடி தள்ளி விர்ரென்று இரண்டு கௌதாரி எழும்பின.

அவர் அடிக்கடி சொல்வார்: "கௌதாரி வாடைக்கு இது சிலை மாதிரி ஆயிரும். சத்தம் போட்டா பறவை போயிரும்னு இதுக்கே தெரியும். யாரும் சொல்லிக் குடுக்கலை." சொல்லும்போது முகம் சின்னப் பையன் முகம் மாதிரி இருக்கும். நாயின் பாதத்தில் முள் ஏறினால் மடியில் போட்டு ஊசியால் நோகாமல் எடுப்பார். அந்தக் கைக்கு அவ்வளவு பக்குவம் உண்டு.

ஜனவரி 14, செவ்வாய்

இந்த வருஷம் பானை வைக்கவில்லை. பக்கத்து வீடுகளில் குலவைச் சத்தம். அத்தை நாள் முழுக்க "எம் மவன் தங்கம், ஒரு சொல்லு அதிர்ந்து பேச மாட்டான்" என்று வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னையும் பார்த்தாள். ஆமாம் என்றேன்.

ஜனவரி 19, ஞாயிறு

தினமும் போகிறேன். நாயின் உடம்பைப் பார்த்தே என்ன பறவை என்று இப்போது சொல்லிவிடுவேன்.

காடை என்றால் நிற்பது கிடையாது. மூக்கு தரையை உரசும், வால் மட்டும் விடுவிடுவென்று துடிக்கும், வட்டம் வட்டமாகச் சுற்றும். கானாங்கோழி வாடை வந்தால் குளத்துக்குள் இறங்கப் பார்க்கும், கயிறு கையை அறுத்துவிடும். கொக்கு நின்ற இடத்தை ஒரு தடவை மோந்துவிட்டு, தும்மல் போட்டு, தன் பாட்டுக்கு நடக்கும். புறாவைச் சட்டை செய்வதே இல்லை. வீட்டுக் கோழி குறுக்கே வந்தால் தலையைத் தொங்கப் போட்டு வேறு பக்கம் பார்க்கும். குட்டியில் ஒரு கோழியைப் பிடித்து அவரிடம் வாங்கிய அடி.

ஓடைக்கரையில் மூக்கம்மா அக்கா ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். செவலையைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்தாள்.

"இந்த நாய்தானே? அன்னிக்கு என்ன கத்து கத்துச்சு!"

"எப்போக்கா? அவர் விழுந்த பிறகா?"

"இல்ல தாயி. வெடிக்கு முந்தி. நான் அந்தா அந்தப் புளியமரத்தடியில இருந்தேன். ஒரேயடியாக் குலைச்சுது, நிறுத்தவே இல்ல. பன்னியத்தான் மறிச்சுட்டுன்னு நெனச்சேன். பிறகுதான் வெடிச் சத்தம். அதோட நாய்ச் சத்தமும் நின்னுட்டு."

"போலீஸ்ல சொன்னீங்களாக்கா?"

"என்னை யாரு கேட்டா?"

ஜனவரி 20, திங்கள்

கௌதாரிக்குச் செவலை குரைக்காது.

ஜனவரி 27, திங்கள்

ஒருவேளை வேறு பறவையாக இருந்திருக்கலாம். அண்ணன் தெரியாமல் கௌதாரி என்று சொல்லியிருக்கலாம். அவனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை. தப்பான ஆளைக் கடித்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

மிச்சம் இருந்தது மயில். மக்காச்சோளக் காட்டுக்குக் கூட்டிப் போனேன். வாடை பட்டதும் முதுகு மயிர் கழுத்திலிருந்து வால் வரை எழும்பியது. நாலு அடி பின்னால் வந்து என் கால்களுக்கு நடுவில் புகுந்துகொண்டது. தொண்டைக்குள் முனகல். குட்டியில் ஒரு ஆண் மயில் மூக்கில் பிறாண்டிய தழும்பு இன்னும் இருக்கிறது. பத்தடி தூரத்தில் மயில் தோகையை இழுத்துக்கொண்டு போனது. அப்போதும் குரைக்கவில்லை.

ஆக இந்தச் சுற்று வட்டாரத்தில் எந்தப் பறவைக்கும் இது குரைப்பதில்லை.

சாயந்தரம் அண்ணன் வீட்டுக்கு நானே போனேன். மதினி காப்பி கொடுத்தாள். பேச்சுவாக்கில் கேட்பது போலக் கேட்டேன்.

"ஏண்ணே, அன்னைக்கு நாய் குரைச்சுதா?"

டம்ளரைக் கீழே வைத்தான். "கௌதாரிக்கு எங்கேயாவது குரைக்குமா? சத்தமே இல்ல. நின்னுச்சு, நான் சுட்டேன்."

காப்பியை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் வந்தேன். இனி அவன் வாயிலிருந்து வரும் எதையும் நான் நம்ப வேண்டியதில்லை. அந்தச் சந்தோஷத்தில் வரும் வழியெல்லாம் கால் தரையில் படவில்லை. சந்தோஷம் என்றுதான் எழுத வருகிறது.

பிப்ரவரி 3, திங்கள்

சொசைட்டியில் சண்டை. பாலில் தண்ணீர் என்று ஒருவரின் பாலைத் தள்ளிவைத்தேன். வரிசையில் நின்ற இன்னொருவர் சிரித்துவிட்டார். இரண்டு பேரும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். வெளியே வேப்பமரத்தில் கட்டியிருந்த செவலை குரைக்க ஆரம்பித்தது. கயிறு கழுத்தை இறுக்க, முன்னங்கால் இரண்டையும் தூக்கிக்கொண்டு, நுரை தள்ள, விடாமல் குரைத்தது. நாங்கள் அவர்களைப் பிரித்துவிட, சத்தம் அடங்கிய பிறகுதான் அது நிறுத்தியது.

பள்ளிக்கூடம் விட்டு அங்கே வந்திருந்த தர்ஷினி நாயின் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "அம்மா, அப்பா கத்துறப்பவும் இது இப்படித்தானே கத்தும்."

போய் வீட்டுப்பாடம் எழுது என்றேன்.

அன்று ஓடைக்கரையில் பறவை எதுவும் இல்லை. இரண்டு ஆம்பிளைகள் சண்டை போட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஒருத்தன் சுட்டிருக்கிறான். கௌதாரி சுட்டேன் என்று சின்னக் குற்றத்தை முந்திக்கொண்டு ஒப்புக்கொண்டால் பெரியதை யாரும் தேடமாட்டார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. நாயை ஏன் அப்படிக் கெஞ்சிக் கேட்டான் என்பதும் இப்போது புரிகிறது. அதைக் கொண்டுபோய் எங்காவது தொலைத்திருப்பான்.

எதற்குச் சண்டை என்று அத்தை கேட்டால் என்ன சொல்வது? அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி 5, புதன்

பருத்திக்கு அடிக்கும் மருந்து மாட்டுக் கொட்டகையில் இருக்கிறது. அண்ணனுக்கு என் கையால் வைத்த கருவாட்டுக் குழம்பு என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை வா என்றால் வருவான்.

டப்பாவை எடுத்து மூடியைத் திறந்தும் பார்த்தேன். அந்த வாடைக்குச் செவலை எழுந்து வெளியே போய்விட்டது.

வேண்டாம். வயிற்று வலி என்று செத்துப்போனால் ஊர் மறுபடியும் விதி என்று சொல்லும். அவனுக்காக அழுவார்கள். என்ன செய்தான் என்று அவன் வாயாலேயே வர வேண்டும், அதைக் கேட்க எல்லாரும் இருக்க வேண்டும். அதற்கு அவன் உயிரோடு இருந்தாக வேண்டும்.

பிப்ரவரி 12, புதன்

"அவர் விழுந்த இடத்தில ஒரு விளக்கு வைக்கணும்ணே, எனக்கு இடம் தெரியாது, காட்டு" என்று கூப்பிட்டேன். மறுக்க முடியவில்லை, வந்தான். செவலையைக் கயிற்றோடு கூட்டி வந்திருந்தேன். அதைப் பார்த்ததும் அவன் நடை பின்தங்கியது.

"நீ எங்கே நின்னே?"

"இங்கே."

"நாய்?"

"எனக்கு முன்னால."

"எதுக்கு நின்னுச்சு?"

"கௌதாரிக்குத்தான். எத்தனை தடவை சொல்லுறது?"

நான் அவனைக் கூட்டிக்கொண்டு கரை மேல் சோளத் தட்டைப் பக்கம் போனேன். அங்கே கௌதாரி மேய்வது எனக்குத் தெரியும். செவலை காலை மடக்கிச் சிலையாக நின்றது. நாங்களும் நின்றோம். பறவை எழும்பிப் போகும் வரை நாயிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

"பார்த்தியா? இதுதான் கௌதாரி. இனி இதைப் பாரு" என்று சொல்லிவிட்டு அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து உலுக்கினேன். "எங்க வீட்டுக்காரரை என்னடா பண்ணினே, சொல்லுடா!" என்று என்னால் முடிந்த மட்டும் கத்தினேன். வாழ்க்கையில் அவனை டா போட்டது இதுதான் முதல் தடவை.

செவலை குரைத்தது. ஓடை முழுக்க எதிரொலித்தது. அவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டான்.

"அதை நிறுத்து ஆவுடை. அன்னைக்கும் இப்படித்தான் கத்துச்சு. நிறுத்து தாயி."

"மூக்கம்மாக்கா கேட்டிருக்கா. மறைக்க முடியாது. என்ன சண்டை?"

"உனக்குத் தெரியாதா?"

கயிற்றைச் சுருட்டிச் செவலையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"அதுக்கு ரெண்டு நாள் முந்தி கையைத் துணியில கட்டிக்கிட்டு எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னியே. கிணத்தடியில விழுந்தேன்னு மதினிகிட்டே சொன்னே. என்கிட்டே சொன்னது வேற. ஒலக்கையால அடிச்சான்னு சொல்லி அழுதே. அதைத்தான் மச்சான்கிட்டே கேட்டேன். 'எம் பொண்டாட்டி, அடிப்பேன், கொல்லுவேன், நீ யாருடா'ன்னான். துப்பாக்கியை மிரட்டத்தான் நீட்டினேன். குழலைப் பிடிச்சு இழுத்தான். வெடிச்சிருச்சு. சத்தியமா அவ்வளவுதான்."

"அப்போ ஏன் கௌதாரின்னே?"

"உண்மையைச் சொன்னா உன் பேரு வரும். ஊரு சிரிக்கும். உனக்காகத்தான் எல்லாத்தையும் என் தலையில போட்டுக்கிட்டேன்."

அவன் எதிர்பார்த்தது என்ன என்று எனக்குத் தெரிந்தது. நான் அவன் தோளில் சாய்ந்து அழுவேன் என்று நினைத்தான். எனக்கோ உடம்பு முழுக்க எரிந்தது.

"நான் உன்கிட்டே வந்து என்ன கேட்டேன்?"

அவன் மணலிலிருந்து எழுந்தான்.

"நானும் பிள்ளையும் கொஞ்ச நாள் இங்கே இருந்துக்கிறோம்ணேன்னு கேட்டேன். நீ என்ன சொன்னே? 'கட்டிக் குடுத்த பிறகு இங்கே வந்து உக்காந்தா நாலு பேரு என்ன பேசுவாக, நான் மச்சானைக் கண்டிச்சு வைக்கிறேன், நீ வீட்டுக்குப் போ'ன்னே. ஒரு அறையைத் திறந்து விட்டிருந்தா போதும். அது உனக்குக் கௌரவக் குறைச்சல். துப்பாக்கி நீட்டுறது கௌரவம். என்னைக் கேட்டா செஞ்சே? எனக்குத் தாலியை அறுத்துட்டு, எம் பிள்ளைக்கு அப்பன் இல்லாம ஆக்கிட்டு, எனக்காகன்னு வேற சொல்லுதே."

"ஆவுடை..."

"ஸ்டேஷன்ல போய் நீயே சொல்லிரு. இல்லைன்னா நான் சொல்லுவேன்."

"நீ சொல்ல மாட்டே. சொன்னா எல்லாத்தையும் சொல்லணும்."

அதைச் சொல்லும்போது அவன் குரலில் ஒரு தைரியம் வந்துவிட்டது. அது இல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை நான் இளகியிருப்பேனோ என்னவோ. விளக்கு வைக்காமலே திரும்பினேன்.

பிப்ரவரி 13, வியாழன்

பால் அளந்தேன். துணி துவைத்தேன். அத்தைக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்தேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

அண்ணன் போகவில்லை. மதினிதான் வந்தாள், பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு. கொட்டகையில் வைத்து என் காலைப் பிடித்தாள்.

"செத்தவுக செத்துட்டாக. இருக்கிறவுகளைக் கொல்லாதே ஆவுடை. நீ வாயைத் திறந்தா உன் புருஷன் பேரும் நாறும், உம் மவளுக்கு நாளைக்கு மாப்பிள்ளை யாரு தருவா?"

"எட்டு வயசுப் பிள்ளைக்கு மாப்பிள்ளையா மதினி?"

"உனக்கு நெஞ்சு கல்லு."

"ஆமா" என்றேன். அவள் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்காமல் இருக்கத் தவிட்டை அள்ளித் தொட்டியில் போட்டுக்கொண்டே இருந்தேன். மாடு தின்று முடிக்கவே இல்லை.

அவர்கள் போனதும் அத்தை கொட்டகை வாசலில் நின்றாள். பேசியதில் பாதி காதில் விழுந்திருக்கிறது. கண் பளபளவென்று இருந்தது. "சண்டை போட்டுத்தான் சுட்டானா? நாளைக்கே போவோம். நானும் வாரேன். அவன் ஜெயில்ல மக்கணும்."

"என்ன சண்டைன்னு கேப்பாங்க அத்தை."

"வரப்புத் தகராறுன்னு சொல்லு."

அவளுக்கு என்ன சண்டை என்று தெரியும். பக்கத்து அறையில்தான் பத்து வருஷமாகப் படுத்திருக்கிறாள்.

பிப்ரவரி 20, வியாழன்

ஸ்டேஷனுக்குப் போனோம். மூக்கம்மா அக்காவும் வந்தாள், ஆட்டை மகனிடம் விட்டுவிட்டு. எஸ்.ஐ. ஒரு பெண், என் வயசு இருக்கும். நாய் விஷயத்தைச் சொன்னபோது பேனாவை மூடிவைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கேலி செய்யப் போகிறார் என்று நினைத்தேன். "எந்தப் பறவைக்கும் குரைக்காதா? நிச்சயமா?" என்று கேட்டு, ஒவ்வொரு பறவையாக என்ன செய்யும் என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். கடைசியில், "நாயை வைச்சு கேஸ் நிக்காதும்மா. ஆனா இந்த அக்கா கேட்டதும், உங்கண்ணன் உங்ககிட்டே ஒத்துக்கிட்டதும் வேற விஷயம். திரும்ப விசாரிக்கலாம்" என்று பேனாவைத் திறந்தார்.

"என்ன தகராறு அவங்களுக்குள்ள?"

பக்கத்தில் அத்தை என் சேலை முந்தானையைப் பிடித்து இழுத்தாள். மெதுவாக, "வரப்பு, வரப்பு" என்றாள்.

"என்னை அடிச்சதைக் கேட்டுத்தான் தகராறு" என்றேன்.

ஒன்று விடாமல் சொன்னேன். கல்யாணமான ரெண்டாம் மாசம் கன்னத்தில் அறைந்ததிலிருந்து, உலக்கை வரை. நாய்க்கு அவ்வளவு பக்குவமாக முள் எடுத்த கைதான் அது என்பதையும் சொன்னேன். மணிக்கட்டைக் காட்டினேன். அண்ணன் வாசலில் நான் என்ன கேட்டேன், அவன் என்ன சொல்லி அனுப்பினான் என்பதையும் சொன்னேன்.

"செத்தவனைப் பேசுதாளே, பாவி!" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். என் புருஷனைக் கொன்றவன் மேல் பழி தீர்க்கப் போன இடத்தில் அவர் மேலும் தீர்த்துக்கொண்டேன். ஒன்றைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியவில்லை. சொல்ல முடிந்திருந்தாலும் செய்திருக்க மாட்டேன்.

எஸ்.ஐ. எழுதியதை வாசித்துக் காட்டினார். "சரியா இருக்கா?"

"ஒண்ணு விட்டுப்போச்சு மேடம். அவரைச் சுடச் சொல்லி நான் யாருகிட்டேயும் கேக்கலை. அதையும் எழுதுங்க."

எழுதினார். கையெழுத்துப் போட்டேன்.

பிப்ரவரி 22, சனி

நேற்று அண்ணனைக் கூட்டிப் போனார்கள். ஜீப்பில் ஏறும்போது என் பக்கம் திரும்பவில்லை என்று மூக்கம்மா அக்கா சொன்னாள். நான் பார்க்கப் போகவில்லை. மதினி தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினாளாம்.

அத்தை என் பெட்டியையும் தர்ஷினியின் புத்தகப் பையையும் வெளியே வைத்துவிட்டாள். பிள்ளையை மட்டும் விட்டுவிட்டுப் போ என்றாள். பிள்ளை என் இடுப்பைக் கட்டிக்கொண்டு விடவில்லை. அத்தையும் விட்டுவிட்டாள். திரும்பும்போது அவள் தோள் குலுங்கியதைப் பார்த்தேன். மகன் போய்விட்டான், அவனுக்கு இருந்த நல்ல பெயரும் போய்விட்டது. அவளுக்காக என்னால் இன்று வருத்தப்பட முடியவில்லை.

சொசைட்டிக்குப் பின்னால் தீவன மூட்டை அடுக்கும் அறையைக் காலி செய்து கொடுத்திருக்கிறார்கள். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறது.

"மாமா எப்பம்மா வருவாரு?" என்று தர்ஷினி கேட்டாள்.

"ரொம்ப நாள் ஆகும்."

"உனக்கு அவர் மேல கோவமா?"

"ஆமா."

"அப்பா மேல?"

"அவர் மேலயும்."

கொஞ்சம் யோசித்துவிட்டு, "எனக்கும்" என்றாள். யார் மேல் என்று நான் கேட்கவில்லை. என் மேலாகவும் இருக்கலாம்.

வாசலில் கேன் உருட்டும் சத்தம் கேட்கிறது. பால்காரர்கள் வந்துவிட்டார்கள். யாரும் இன்று என்னோடு பேச மாட்டார்கள். பாலை மட்டும் நீட்டுவார்கள். அளந்துதான் ஆக வேண்டும், போகிறேன்.